எங்கே போகிறீர்கள் என்று கேட்காத கடை

போன கிழமை என் தங்கையின் மகள் தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பெரியம்மா, சென்னைக்கு ரிக்கெற் போடப்போறன். பாருங்கோ, இப்ப எல்லாம் தமிழிலையும் வருது" என்றாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளைத் திரையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கேள்வி: எங்கே போகிறீர்கள்? எனக்குத் திக்கென்றது.

"முதல் கேள்வியே இதுவோ?" என்றேன்.

"வேறை என்னத்தைக் கேக்கிறது, பெரியம்மா?"

நியாயம்தான். நீங்களும் அதையேதான் சொல்வீர்கள். ஆனால் நான் சண்டைக்கு நடுவே வந்த சமாதானக் காலத்தில் வவுனியாவில் சில வருடங்கள் விமானச் சீட்டு விற்றவள். அந்த வருடங்கள் முழுவதிலும் ஒரே ஒரு ஆளைத் தவிர வேறு எவரிடமும் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. அதை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் அதற்குள் சீட்டையும் போட்டு, இருக்கையையும் தெரிந்து, எழும்பிப் போய்விட்டாள். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில், பயணம் வெளிக்கிட்டு நிற்கிற ஆளைப் பார்த்து "எங்க போறாய்?" என்று கேட்பது சின்னக் குற்றம் இல்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்கப்பட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் வீட்டுக்குள் போய்க் கதிரையில் குந்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடுவார். பெரிய பயணமென்றால் அன்றைக்குப் போகவே மாட்டார். கேட்டவருக்கு ஒரு கிழமைக்குப் பேச்சு விழும். அறிய ஆசையாக இருந்தால் "தூரமோ?" என்று கேட்கலாம். "ஓம், உதில ஒருக்கா" என்று பதில் வரும். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி முழு விபரத்தையும் கண்டுபிடித்துவிடுவாள். அது வேறு திறமை.

இப்படியான ஊரில் போய் நான் விமானச் சீட்டு விற்கத் தொடங்கினேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது!

உண்மையில் அது என் புத்தி இல்லை, நிஸார் நானாவின் புத்தி. அவர் முல்லைத்தீவுக்காரர். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவர். சண்டை நின்று வன்னிப் பாதை திறந்தவுடன் பழைய வீடு வளவைப் பார்க்கவென்று வெளிக்கிட்டு, வழியில் வவுனியாவில் தேத்தண்ணி குடிக்க இறங்கி, அங்கேயே ஒரு தொலைபேசிக் கடையைத் திறந்துவிட்டார். பிறகுதான் முல்லைத்தீவுக்குப் போனார். அந்தக் கடையில் தொலைபேசி எடுக்கிற வேலைக்கு நான் சேர்ந்தேன்.

பேருந்து நிலையத்துக்குக் கிட்ட, பாண் சுடுகிற ஒரு வெதுப்பகத்துக்கு மேலே எங்கள் அறை. இன்றைக்கும் ரோஸ் பாண் வாசம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு அந்த மேல்மாடிதான் நினைவுக்கு வரும். கீழே போறணை எரியும், மேலே நாங்கள் வேகுவோம். பின்னேரம் பாண் இறக்கும் நேரத்தில் வெளிநாட்டு அழைப்புகளும் வரத் தொடங்கும். ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அங்காலே அப்போது தொலைபேசி அருமை. அதனால் கனகராயன்குளம், புளியங்குளம், கிளிநொச்சி என்று எல்லா இடத்திலிருந்தும் அம்மாமார் பஸ் ஏறி வந்து எங்கள் நீட்டு மர வாங்கில் வரிசையாக இருப்பார்கள். மணி அடித்தால் நான் எடுப்பேன். "தங்கச்சி, அம்மா வந்திட்டாவோ?" என்று ஒரு குரல் கேட்கும். "வந்திட்டா அண்ணை, பொறுங்கோ, குடுக்கிறன்."

அந்தக் குரல்கள் எனக்குப் பெரிய பைத்தியமாகிவிட்டன. முகம் தெரியாது, ஊர் தெரியாது, குரல் மட்டும் தெரியும். பாரிசிலிருந்து பேசும் ஒருவருக்குக் குரலை வைத்து நானே ஒரு முறுக்கு மீசை வைத்திருந்தேன். பிறகொருநாள் அவருடைய தாய் படத்தைக் காட்டினார். மீசையும் இல்லை ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி ஒரு மெலிந்த மனிதர். எனக்கு ஏமாற்றப்பட்ட கோபம் வந்தது. அவர் என்ன செய்வார் பாவம்.

ஒருநாள் நிஸார் நானா அந்த வாங்கையும் அம்மாமாரையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சி, இவங்க எல்லாரும் கதைக்கத்தான் வாறாங்க. ஆளை ஆள் பாக்க வச்சா என்ன?" என்றார். அவருடைய மச்சான் ஒருவர் கொழும்பில் விமானச் சீட்டு விற்கும் நிறுவனமொன்றில் இருந்தார். நாங்கள் இங்கே ஆளைப் பிடித்து விபரம் அனுப்பினால் அங்கே சீட்டு எழுதி பஸ்ஸில் அனுப்புவார்கள். எங்களிடம் இருந்த ஒரே முதல் அந்தக் குரல்கள் என்னை நம்பியதுதான்.

எங்கள் வியாபாரத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. வாங்குகிறவர் வெளிநாட்டில், பறக்கிறவர் இங்கே. அகதியாகப் போய்ப் பத்திரம் எடுத்த மகனுக்கு இந்த நாட்டில் கால் வைக்க முடியாது. தாய்க்கு அந்த நாட்டு வீசா கிடைக்காது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த இடம் இந்தியா. மகன் அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ வருவான், தாய் இங்கிருந்து போவார். கலியாணங்களும் அப்படித்தான் நடந்தன. பொம்பிளை வவுனியாவில், மாப்பிள்ளை நோர்வேயில், தாலி கட்டினது திருச்சியில்.

பெயர்ப்பலகை எழுத வந்தவர் கேட்காமலே ஒரு விமானமும் கீறிவிட்டார். சாம்பல் நிறம், மூக்கு கீழ்ப்பக்கம். அடுத்தநாள் படியேறி வந்த முதல் வாடிக்கையாளர், கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு ஐயா, பலகையைப் பார்த்துவிட்டு மேலே வராமலே நின்றார். இறங்கிப் போய் என்னவென்று விசாரித்தேன். "பிள்ளை, இது பதிஞ்சு வாற மாதிரியல்லோ கிடக்கு" என்றார். வன்னிச் சனத்துக்கு விமானம் புதிது இல்லை. சத்தத்தைக் கேட்டே இன்ன விமானம் என்று சொல்வார்கள், சொல்லி முடிக்கமுதல் பங்கருக்குள் இறங்கிவிடுவார்கள். நிஸார் நானா அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு மூக்கை நிமிர்த்தி, மஞ்சள் பூசுவித்து, செட்டையில் ஒரு பூவும் போடுவித்தார். கோயில் தேர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் கீழே நின்று தயங்கவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. அந்தக் காலம் முழுக்க நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஜன்னல் பக்கம் வேண்டுமா, நடைபாதைப் பக்கம் வேண்டுமா என்று பெரிய மனிசி மாதிரிக் கேட்பேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியாது. அதனால் போய்த் திரும்பி வருகிற எல்லாரையும் பிடித்து வைத்து எப்படி இருந்தது என்று விடுப்புக் கேட்பேன். நெளுக்குளத்து ஐயா ஒருவர், "பஸ் மாதிரித்தான் பிள்ளை, ஆனா ஒருதரும் நிண்டுகொண்டு வரேல்லை" என்றார். இன்னொரு அம்மா ஏறினதிலிருந்து இறங்கும்வரை கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டு போனாராம். அவரிடமிருந்து எனக்கு ஒரு தகவலும் தேறவில்லை. காது அடைக்கும் என்றார்கள், வயிற்றுக்குள் ஊஞ்சல் ஆடும் என்றார்கள், முகில் கீழே கிடக்கும் என்றார்கள். முகில் கீழே கிடக்கிற கதையை மட்டும் நான் ஆளுக்கு ஆள் திருப்பித் திருப்பிக் கேட்பேன்.

தெரியாத தொழிலில் தெரிந்த மாதிரி நடந்தால் வாங்கிக் கட்டவும் வேண்டிவரும். இலண்டனுக்குப் போன ஒரு அம்மா மரக்கறிக்காரி, முட்டைகூடத் தொடாதவர். சாப்பாட்டுக்கு என்ன எழுதுவது என்று கொழும்பிலிருந்து கேட்டபோது, பட்டியலில் "இந்துச் சாப்பாடு" என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் என்று சந்தோசமாக அதையே எழுதச் சொன்னேன். அது மாடு மட்டும் இல்லாத சாப்பாடாம். வானத்துக்கு நடுவில் அந்த அம்மாவுக்கு முன்னால் கோழிக்கால் வந்து இறங்கியிருக்கிறது. அதுவும் வெள்ளிக்கிழமை. மகன் இலண்டனிலிருந்து எடுத்து ஏசிய ஏச்சில் எனக்கும் காது அடைத்தது. நிஸார் நானா ஒரு கிழமை முழுக்க என்னைக் காணும்போதெல்லாம் "கோழி சுகமா?" என்று விசாரித்தார்.

ஆனால் கேள்வி விசயத்தில் நான் ஒருநாளும் பிழைவிடவில்லை. வாடிக்கையாளர் படியேறி வந்து இருந்தவுடன், "ஆரிட்ட அம்மா?" என்று கேட்பேன். "மகனிட்ட பிள்ளை, திருச்சிக்கு வாறான்" என்று இடமும் சேர்ந்து வந்துவிடும். ஊர் பெயரைக் கேட்காமல் விமானச் சீட்டு விற்கிற ஒரே கடை உலகத்தில் நம்முடையதுதான் என்று நிஸார் நானா சிரிப்பார். சிரித்தாலும் அவரும் கேட்கமாட்டார். முல்லைத்தீவில் பிறந்தவர் அல்லவா?

சுவிஸிலிருந்து சிவநேசன் அண்ணை எடுத்தது சமாதானம் தேய்ந்துகொண்டு போன காலத்தில். ஆனால் தேய்கிறது என்று அப்போது எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. அவருடைய தாய் அன்னலட்சுமி அம்மா கனகராயன்குளத்தில் தனியாக இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். குளத்துக்குக் கீழே கொஞ்ச வயல், தானே விதைத்துத் தானே வெட்டுவிக்கிறவர். மகன் பதினேழு வயதில் வெளிக்கிட்டவர், பிறகு தாயைக் காணவே இல்லை.

"தங்கச்சி, அம்மாவுக்குத் திருச்சிக்கு ஒரு ரிக்கெற் போடுங்கோ. போறதுக்கு மட்டும் போதும்."

"வாறதுக்கு அண்ணை?"

அவர் குரலைத் தாழ்த்தினார். பிறகு சொன்னார். "அங்க ஒரு வீடு எடுத்திருக்கிறன். மனிசியின்ரை பெரியம்மா குடும்பம் பக்கத்தில இருக்கினம், பாத்துக்கொள்ளுவினம். அம்மாவை நான் திரும்ப விடப்போறேல்லை. இஞ்ச எல்லாரும் சண்டை திரும்பவும் வரப்போகுது எண்டுதான் கதைக்கினம். ரிட்டேர்ன் கையில இருந்தா அவ வந்திடுவா. எனக்கு என்ரை அம்மாவைத் தெரியும்."

இரண்டு நாள் கழித்து அன்னலட்சுமி அம்மா நேரிலே வந்தார், பக்கத்து வளவுப் பரமேஸ்வரி அக்காவையும் கூட்டிக்கொண்டு. பரமேஸ்வரி அக்காவின் தம்பி பிரான்சிலிருந்து திருச்சிக்கு வருவதாக இருந்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் போனால் ஆளுக்கு ஆள் துணை என்று ஏற்பாடு. அன்னலட்சுமி அம்மா நல்ல கறுத்த, உயர்ந்த மனிசி. வெயிலில் நின்று வேலை செய்த கைகள். கதிரையில் பாதியில்தான் இருப்பார், எழும்பி வேலைக்கு ஓட ஆயத்தமாக இருக்கிற மாதிரி.

"பிள்ளை, உது குண்டு போடாத பிளேன்தானே?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். பிறகு, "எனக்கு வாற நாளும் சேத்துப் போடு. காலபோகம் விதைக்க நான் நிக்கவேணும்" என்றார்.

நான் மேசையைப் பார்த்தேன்.

"என்ன பிள்ளை, வாறதுக்கு ரிக்கெற் இல்லையோ?"

"மகன் போறதுக்கு மட்டும்தான்..." என்று இழுத்தேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அப்படியே என்னைப் பார்த்தார். "வீட்டை விட்டு வெளிக்கிடேக்க நாங்கள் என்ன சொல்லுறனாங்கள்? போட்டு வாறன் எண்டுதானே? போறன் எண்டு ஆரும் சொல்லுவினமே? செத்த வீட்டிலை பிரேதம்தான் போறதுக்கு மட்டும் போகும். அவனுக்குச் சொல்லு, வாற ரிக்கெற் இல்லாமல் அம்மா படி இறங்கமாட்டா எண்டு."

சொன்னால் சொன்னதுதான். கட்டிய சீலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பிவிட்டார்.

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. எனக்கு வாடிக்கையாளர் யார்? காசு கொடுக்கிற குரலா, பறக்கப்போகிற ஆளா? நிஸார் நானாவைக் கேட்டேன். "காசு குடுத்தவர் சொல்றதத்தான் செய்யோணும்" என்றார். பாண் ஒன்றைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "ஆனா உம்மா எண்டு வந்தா அந்தச் சட்டம் செல்லாது" என்றும் சொன்னார். அவருக்கு ஒரு கேள்விக்கு எப்போதும் இரண்டு பதில் இருக்கும்.

கடைசியில் வழி ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்துச் சீட்டு புத்தகம் மாதிரி. போக ஒரு தாள், வர ஒரு தாள், பின்பக்கம் சிவப்பு மை. தொட்டால் விரலில் ஒட்டும், கழுவினாலும் லேசில் போகாது. வருகிற தாளில் நாள் போடாமல் விடலாம். ஒரு வருடத்துக்குள் விரும்பிய நேரம் நாளைக் குறித்துக்கொண்டு வரலாம். சிவநேசன் அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். "அப்ப நாள் இல்லைத்தானே?" என்று இரண்டு தரம் கேட்டார். "இல்லை அண்ணை." ஒரு வருடத்தில் அம்மாவின் மனம் மாறிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். அன்னலட்சுமி அம்மாவுக்கும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் இரண்டாவது தாளைத் தொட்டுப் பார்த்தார். "நாளை நான் சொல்லுவன். நீ போட்டுத் தா" என்றார்.

அன்னலட்சுமி அம்மாவும் பரமேஸ்வரி அக்காவும் ஊர் முழுக்கப் பயணம் சொல்லி, விபூதி பூசி, பை நிறையப் பனை ஒடியலும் மிளகாய்த் தூளும் கட்டிக்கொண்டு போனார்கள். திருச்சி விமான நிலையத்தில் சிவநேசன் அண்ணை தாயை அடையாளம் கண்டுவிட்டாராம். தாய்க்குத்தான் மகனைத் தெரியவில்லையாம். தலைமயிர் கொட்டி, தொந்தி வைத்து நின்ற ஒரு மனிதர் காலில் விழவும், "தம்பி, நீ ஆரடா?" என்று கேட்டிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது சிவநேசன் அண்ணைதான். சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே குரல் உடைந்து தொலைபேசியை வைத்துவிட்டார். அன்றைக்கு நானும் அழுதேன். எனக்குத் தெரிந்த குரல் ஒன்று கடைசியில் ஒரு முகத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோசம்.

மகன் லீவு முடிந்து சுவிஸுக்குப் போனார். அம்மா திருச்சியில் நின்றார். பரமேஸ்வரி அக்கா முதலில் திரும்பி வந்தார். அவருடைய மகள் பிள்ளைத்தாச்சி, பேறு கிட்டிவிட்டது. அங்கிருந்து எடுத்து நாள் போடச் சொன்னார், போட்டேன். ஒரு பின்னேரம் பையும் கையுமாகக் கடைக்கு ஏறி வந்து, எனக்கென்று ஒரு சோடி வளையல் தந்து, முகில் எப்படிக் கிடந்தது என்று நான் கேட்காமலே சொன்னார். "பஞ்சுக்குச் சாயம் போட மறந்துபோன மாதிரி" என்றார். இன்றுவரை எனக்குக் கிடைத்த நல்ல பதில் அதுதான். தேத்தண்ணி குடித்தோம். ஓமந்தை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். "போட்டு வாங்கோ அக்கா" என்றேன். "பேரப்பிள்ளை பிறந்தவுடனை சொல்லி அனுப்பிறன்" என்று படி இறங்கினார்.

கொஞ்ச நாளில் சண்டை தொடங்கிவிட்டது. வடக்கே முகமாலையில் பாதை பூட்டினார்கள். ஓமந்தையில் ஒருநாள் திறப்பார்கள், ஒருநாள் பூட்டுவார்கள். வாங்கு வெறுமையாகிவிட்டது. அம்மாமார் வர முடியவில்லை, குரல்கள் மட்டும் வந்தன. "அம்மா வந்தவாவோ?" "இல்லை அண்ணை." நாள் முழுக்க இதே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. நிஸார் நானா படிக்கட்டில் நின்று றோட்டைப் பார்த்துவிட்டு வந்து, "உள்ளுக்குப் போறது லேசு தங்கச்சி. வெளிய வாறதுதான் பாடு" என்றார்.

அந்த நேரத்தில்தான் திருச்சியிலிருந்து அழைப்பு வந்தது. எப்போதும் போல அன்னலட்சுமி அம்மா தொலைபேசிக்குள் ஊரைக் கூப்பிடுகிற மாதிரிக் கத்தித்தான் கதைத்தார்.

"பிள்ளை, என்ரை வாற ரிக்கெற்றுக்கு நாள் போடு. விதைப்புக்கு நேரமாச்சு."

"அம்மா, இஞ்ச பாதை..."

"எல்லாம் கேள்விப்பட்டனான். ஓமந்தை திறக்கிற நாளில போறன். நான் பாக்காத சண்டையே? இஞ்ச நாள் முழுக்க மாடி வீட்டில குந்திக்கொண்டு ரீவி பாக்கிறன். கை கால் விறைக்குது. விடிய வெளிக்கிட்டு இஞ்ச இருக்கிற விமானக் கந்தோருக்குப் போய் நாள் போடலாமெண்டு இவையள் சொன்னவை. நீ தந்த ரிக்கெற், நீதான் போடவேணும் எண்டு உனக்கு எடுத்தனான். குளிச்சு, கோயிலுக்கும் போட்டு வந்திட்டன்."

மறிப்பதற்கு எனக்கு வழியில்லை. நான் மாட்டேன் என்றால் திருச்சியிலேயே போட்டுக்கொள்வார். மகன் சொல்லியே கேட்காதவர், நான் சொல்லியா கேட்கப்போகிறார்? காதில் ரிசீவரை வைத்தபடி பெயர்ப்பலகையின் முதுகுப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஓமந்தையும், உள்ளுக்குப் போய் வெளியே வராதவர்களும்தான் நினைவில் ஓடினார்கள். எப்படி வாயில் வந்ததோ தெரியாது.

"அம்மா, எங்க போறீங்கள்?"

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. எங்கள் பக்கம் நிஸார் நானா பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தொலைபேசிக்குள் திருச்சித் தெருவில் ஒரு ஓட்டோ போகிற சத்தம் கேட்டது. 

"பிள்ளை" என்றார் பிறகு. அன்றுதான் அவர் கத்தாமல் கதைத்து நான் கேட்டேன். "வெளிக்கிட்டு நிக்கிற ஆளை உப்பிடிக் கேக்கக்கூடாதெண்டு உனக்குத் தெரியும்."

"ஓம் அம்மா."

"தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனி."

"ஓம் அம்மா."

 ஏசப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஏசவில்லை. "சரி. அப்ப கொஞ்சம் இருந்து தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாள் போடச் சொல்லி அவர் எடுக்கவே இல்லை. விதைப்புக் காலம் போனது. சீட்டின் வருடமும் முடிந்தது. சிவநேசன் அண்ணை, அம்மாவின் வீசா நீட்டின கதை, காணி இல்லாத ஊரில் அம்மா மொட்டை மாடியில் சட்டி வைத்துக் கத்தரி நட்ட கதை எல்லாம் எடுத்துச் சொல்வார். ஒருநாள், "நீங்கள் அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள், தங்கச்சி? நான் எத்தினை தரம் கெஞ்சினனான்" என்று கேட்டார். "ஒண்டும் சொல்லேல்லை அண்ணை, ஒரு கேள்விதான் கேட்டனான்" என்றேன். அவர் நெடுங்காலம் சுவிஸில் இருந்தவர். விளங்கியதோ என்னவோ, மேலே விசாரிக்கவில்லை.

கடை பிறகு நாள்பட நிற்கவில்லை. சிவப்பு மைத் தாள்கள் ஒழிந்து, கணனியில் அச்சடிக்கும் வெள்ளைத் தாள் வந்தது. கொழும்புப் பயணம் வரவரச் சங்கடமானது. நிஸார் நானாவுடைய உம்மா புத்தளத்தில் இருந்து அழுதழுது கூப்பிட்டார். நானா போகும்போது மஞ்சள் விமானப் பலகையை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அது எங்கள் கோழிக்கூட்டுக்குக் கதவாகிக் கொஞ்சக்காலம் இருந்து உக்கிப்போனது. எனக்கு ஒரு பாடசாலையில் வேலை கிடைத்தது.

போர் முடிந்த கையோடு செட்டிகுளத்துப் பக்கம் இடம்பெயர்ந்த வன்னிச் சனத்தால் முகாம்கள் நிரம்பின. அந்தக் கம்பி வேலியோரம் போய் நின்று எங்கள் வாங்கில் இருந்த முகங்களைத் தேடினேன். சில முகங்களைக் கண்டேன். பரமேஸ்வரி அக்காவின் மகளைக் கண்டேன், இடுப்பில் பிள்ளை இருந்தது. தாயைக் கேட்டேன். கடைசிச் சண்டையில் ஓடி ஒதுங்கிய கடற்கரைப் பக்கத்தில் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை என்றாள்.  நான் மேலே கேட்கவில்லை.

ஊருக்குப் போக விட்டபிறகு அன்னலட்சுமி அம்மா திருச்சியிலிருந்து வந்துவிட்டார். மகன் இந்தமுறை மறிக்கவில்லை. அறிந்து பார்க்கப் போனேன். கூரை இல்லாத வீட்டுக்கு மேலே ஒரு நீலத் தறப்பாள் கட்டியிருந்தார். அந்த ஒழுங்கையில் அவர் வீட்டுக் குசினியில் மட்டும்தான் புகை வந்தது. என்னைக் கண்டவுடன் கட்டிப் பிடித்தார். மெலிந்திருந்தார், கைகள் மெதுவாகியிருந்தன. வயலைக் கொத்தத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். பால் இல்லாத பிளேன்ரீ போட்டுத் தந்தார். தன்னை மறித்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிக்கிடும்போது வேலிவரை வந்தார். வேலி என்று சொல்ல இரண்டு கட்டைதான் நின்றது. பக்கத்து வளவைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல், அறியவேண்டிக் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டார்.

"பரமேசுவை ஏன் பிள்ளை அப்பிடிக் கேக்கேல்லை?"

அப்போது பாதை பூட்டவில்லை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மகளுக்குப் பேறு கிட்டின நேரம், கேட்டிருந்தாலும் நின்றிருக்கமாட்டார் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் கேட்டிருந்தால் அந்த மனிசியும் ஒருவேளை முகத்தைச் சுளித்து, வாங்கில் குந்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்திருப்பாரோ என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.  அம்மா பதிலுக்குக் காத்திராமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் இறங்கினார். பரமேஸ்வரி அக்காவின் வளவில் வீடு இருந்த இடம் தெரியவில்லை, நாயுருவி மண்டிக் கிடந்தது. நடுவில் கிணறு மட்டும் நிறையத் தண்ணீரோடு இருந்தது.